லேசருக்கு முன் பேட்ச் டெஸ்ட்: அன்றைக்கே தெரியாத பதில்

தாடைக்குக் கீழேயும் கழுத்தின் இரண்டு ஓரங்களிலும் எனக்குத் தடித்த முடி வளரும். பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. த்ரெட்டிங், வேக்ஸிங், அவசரத்துக்கு ட்வீசர் என்று பல வருடம் ஓட்டினேன். பிடுங்கிய இடமெல்லாம் முடி உள்ளுக்குள்ளேயே சுருண்டு வீங்குவதும், அது ஆறியதும் கரும்புள்ளியாக நிற்பதுமாக ஆன பிறகுதான் லேசர் பக்கம் போனேன்.

முதலில் போன இடத்தில் பேசிய பெண் ரொம்ப அன்பாகப் பேசினார். எந்தப் பேக்கேஜ் எடுக்கலாம், இன்றைக்கே தொடங்கினால் என்ன சலுகை என்று எல்லாம் விளக்கினார். "முழுசா அடிக்கிறதுக்கு முன்னாடி சின்ன இடத்துல வச்சுப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட் பண்ணுவீங்களா?" என்று கேட்டபோது மட்டும், "உங்க ஸ்கின் நார்மல்தான் மேடம். அதெல்லாம் சென்சிட்டிவ் ஸ்கின் இருக்கிறவங்களுக்குத்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். என் தாடையைக் கிட்டே வந்துகூடப் பார்க்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்துப் போனது ஒரு தோல் மருத்துவரிடம். அவர் நேர் எதிர். முதல் நாள் லேசர் கிடையாது, டெஸ்ட் மட்டும்தான், அதற்கும் இன்னும் சில வாரம் கழித்து வாருங்கள் என்றார். காரணம், நான் அப்போதுதான் வேக்ஸ் செய்திருந்தேன். டெஸ்டுக்கே காத்திருக்க வேண்டும், டெஸ்ட் முடிந்து மறுபடியும் காத்திருக்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் அவர் ஏன் என்று உட்கார்ந்து விளக்கினார். அந்த விளக்கத்தை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

லேசருக்கு முடி எது, தோல் எது என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கருமை. மெலனின் என்ற நிறமி எங்கே இருக்கிறதோ அங்கே ஒளி உறிஞ்சப்பட்டுச் சூடாகும். முடியின் தண்டில் இருக்கும் மெலனின் சூடாகி, அந்தச் சூடு பக்கத்தில் பரவி மயிர்க்காலைச் சேதப்படுத்தினால்தான் முடி திரும்ப வளர்வது குறையும். ஒரு குறிப்பிட்ட நிறமுள்ள இலக்கை மட்டும் சுட்டுவிட்டுச் சுற்றியுள்ள திசுவை விட்டுவைக்க முடியும் என்ற கோட்பாட்டை ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1983-ல் வெளியிட்டார்கள். இன்றைய லேசர் முடிநீக்கம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. நம்மைப் போன்ற மாநிறத்துக்காரர்களுக்குச் சிக்கல் என்னவென்றால், அதே மெலனின் மேல்தோலிலும் நிறைய இருக்கிறது. மயிர்க்காலுக்குப் போகிற வழியிலேயே மேல்தோல் ஒளியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டது அளவுக்கு மீறினால் சூட்டுக்காயம், கொப்புளம், பிறகு கருந்திட்டு, அரிதாக வெளுத்த திட்டு.

வெளிர்ந்த தோலும் கறுத்த முடியும் இருப்பவர்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் நிறைய இடைவெளி உண்டு. முடி சுடும் அளவுக்கும் தோல் சுடும் அளவுக்கும் உள்ள தூரம் அவர்களுக்கு அதிகம். தோல் கருக்கக் கருக்க அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். ஒரு இயந்திரத்தை எந்த அளவில் வைத்தால் அந்தக் குறுகிய இடைவெளிக்குள் நிற்கும் என்பது புத்தகத்தைப் பார்த்து ஓரளவுக்குத்தான் தெரியும். மீதியைத் தோலிடமே கேட்க வேண்டியதுதான். பேட்ச் டெஸ்ட் அதற்குத்தான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அலர்ஜிக்காக முதுகில் சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டி இரண்டு நாள் குளிக்காமல் வைத்திருப்பார்களே, அதையும் பேட்ச் டெஸ்ட் என்றுதான் சொல்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. என் அத்தை ஒருவர், "எனக்கு பேட்ச் டெஸ்ட் எடுத்து எல்லாம் நார்மல்னு வந்துச்சே, நான் லேசர் பண்ணலாம்ல?" என்று கேட்டார். அவருக்கு எடுத்தது ஹேர் டை அலர்ஜிக்கான டெஸ்ட்.

டெஸ்டுக்கு முன்னால் கேட்ட கேள்விகளே அரை மணி நேரம் ஓடின. வெயிலில் சுடப்பட்டால் என் தோல் முதலில் சிவக்குமா, நேராகக் கறுக்குமா என்று கேட்டார். ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற மருத்துவர் 1975-ல் கொண்டுவந்த வகைப்பாடு ஒன்று இருக்கிறது. இப்போது அதில் ஒன்று முதல் ஆறு வரை வகைகள். தோலின் நிறத்தை மட்டும் பார்த்து எண் போடுவதில்லை. வெயிலுக்கு அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்துப் போடுவார்கள். எனக்கு 5 என்று எழுதினார். நானே என்னை 4 என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் முகம் கொஞ்சம் வெளுப்பு. "முகத்தைப் பார்த்துச் சொல்லாதீங்க, கழுத்தைப் பாருங்க. நாம சுடப்போறது அங்கதான்" என்றார். நியாயம்தான்.

அப்புறம் மருந்துகள். முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை போடுகிறீர்களா? ஐசோட்ரெடினோயின்? இரவில் ரெடினாய்டு கிரீம் ஏதாவது? ஒளிக்குத் தோலைக் கூச வைக்கும் மருந்துகள் பல இருக்கின்றன. தோலை உரித்து மெலிதாக்கும் கிரீம்களும் இருக்கின்றன. எனக்கு ரெடினாய்டு கிரீம் பழக்கம் இருந்தது. டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அதை நிறுத்தச் சொன்னார். உதட்டோரத்தில் அக்கி மாதிரி கொப்புளம் வந்தது உண்டா என்றும் கேட்டார். ஹெர்பிஸ் வைரஸ் உடம்பில் தங்கியிருந்தால் லேசர் சூடு அதைக் கிளப்பிவிடலாம், அப்படிப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே மருந்து கொடுப்பார்களாம். காயம் ஆறும்போது தழும்பு தடித்து எழும்பிய அனுபவம் உண்டா, கர்ப்பமாக இருக்கிறீர்களா, வெண்புள்ளி உண்டா, சமீபத்தில் வெயிலில் அலைந்தீர்களா. கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொன்ன விதத்தைப் பார்த்துச் சட்டைக் காலரை விலக்கித் தோளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மறைத்து வைக்கிற தோலுக்கும் வெளியே தெரிகிற தோலுக்கும் நிற வித்தியாசம் அதிகமாக இருந்தால் அது வெயில் கறுப்பு. அது இறங்கும் வரை டெஸ்ட்டும் கிடையாது, லேசரும் கிடையாது.

இந்தக் கேள்விகளைக் கேட்காமல் நேராகச் சுடும் இடத்தில் டெஸ்ட் செய்தாலும் அதற்குப் பாதி மதிப்புதான். டெஸ்ட் அன்று போடாத மாத்திரையை மூன்றாவது செஷனுக்கு முந்தின வாரம் போட ஆரம்பித்தால் டெஸ்ட் சொன்ன பதில் செல்லாது. அதைச் சொல்ல வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், கேட்டால்தானே தெரியும்.

வேக்ஸிங் விஷயமும் இதே மாதிரிதான். வேக்ஸ், த்ரெட், ட்வீசர் எல்லாம் முடியை வேரோடு பிடுங்குகின்றன. உள்ளே முடியே இல்லை என்றால் லேசருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, இருக்கிற நிறமி மேல்தோலில் மட்டும்தான். அந்த நிலையில் டெஸ்ட் செய்தால் முடிக்கு என்ன ஆகும் என்பது தெரியாமலே போகும். நான்கிலிருந்து ஆறு வாரம் வரை எதையும் பிடுங்காமல் இருக்கச் சொல்வார்கள். ரேசர் மட்டும் அனுமதி. தாடையில் ரேசரா என்று எனக்கும் முதலில் கூச்சம்தான். ஷேவ் செய்தால் முடி தடிக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். ரேசர் முடியைத் தோல் மட்டத்தில் வெட்டுகிறது, வேருக்கு அதனால் எதுவும் நேராது. வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரவென்று படும், அவ்வளவுதான். சொல்லப்போனால் அந்த வாரங்களில் என் தாடை வருடக்கணக்கில் இல்லாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. பிடுங்குவதை நிறுத்தியதும் உள்முடி வீக்கம் பாதி அடங்கிவிட்டது.

டெஸ்டுக்கு முந்தின நாளே ஷேவ் செய்துகொண்டு போனேன். தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடி லேசர் பட்டால் அங்கேயே கருகித் தோலைச் சுடும், அதனால்தான் ஷேவ். மரத்துப்போகும் கிரீம் எதுவும் பூசவில்லை. கேட்டுப் பார்த்தேன், மறுத்துவிட்டார். வலிதான் அவருக்கு வேண்டிய தகவல்களில் ஒன்று, அதை மறைத்துவிட்டு டெஸ்ட் செய்வதில் அர்த்தமில்லை என்றார். தவிர, அந்த கிரீம்களைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. முடிநீக்க லேசருக்குப் போகும் முன் கால் முழுக்க மரப்புக் கிரீம் பூசிப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் அமெரிக்காவில் இறந்துபோனார்கள். மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் கலந்துவிட்டது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007-ல் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அதற்காக மரப்புக் கிரீமே கூடாது என்று சொல்லவில்லை. எவ்வளவு, எவ்வளவு இடத்தில் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும், நாமாக வீட்டில் அப்பிக்கொண்டு போகக் கூடாது.

எங்கே டெஸ்ட் செய்வது என்பதில் அவர் ரொம்பக் கறாராக இருந்தார். எங்கோ கண்ணுக்குப் படாத இடத்தில் செய்தால் போதாதா என்று கேட்டேன். முன்கையின் உள்பக்கத் தோலும் தாடைத் தோலும் ஒன்றில்லை, நிறமும் வேறு, முடியின் தடிமனும் அடர்த்தியும் வேறு. சிகிச்சை எடுக்கப்போகும் இடத்திலேயே, ஆனால் அதன் ஓரத்தில், காதுக்குக் கீழே தாடை எலும்பின் அடிப்பக்கம் நிழல் விழும் இடமாகப் பார்த்து வெள்ளைப் பென்சிலால் வட்டங்கள் போட்டார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் விரல் அகலத்துக்கு இடைவெளி. ஒவ்வொரு வட்டமும் ஒவ்வொரு அளவுக்கு. எது எந்த அளவு என்று ஒரு முக வரைபடத்தில் குறித்துக்கொண்டார். ஃபோட்டோ எடுத்தார். என் ஃபோனிலும் எடுக்கச் சொன்னார். அது எவ்வளவு உதவியாக இருந்தது என்று பிறகு சொல்கிறேன்.

அளவு என்றால் மூன்று விஷயம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல் ஆற்றல் என்பது முதலாவது. அந்த ஆற்றலை எத்தனை மில்லிசெகண்டில் இறக்குகிறார்கள் என்பது இரண்டாவது. இதைப் பலர் கவனிப்பதில்லை, ஆனால் கறுத்த தோலுக்கு இதுதான் முக்கியம். மேல்தோல் மெல்லியது, வாங்கிய சூட்டைச் சில மில்லிசெகண்டில் வெளியே விட்டுவிடும். தடித்த மயிர்க்கால் சூடு ஆறுவதற்குப் பல பத்து மில்லிசெகண்ட் ஆகும். அதே ஆற்றலை மெதுவாக இறக்கினால் மேல்தோல் இடையிடையே ஆறிக்கொள்ளும், மயிர்க்காலில் மட்டும் சூடு சேரும். மூன்றாவது அலைநீளம். அது இயந்திரத்தைப் பொறுத்தது. அலெக்ஸாண்ட்ரைட் 755 நானோமீட்டர், டயோடு பெரும்பாலும் 800-810, என்டி யாக் 1064. அலைநீளம் கூடக் கூட மெலனின் ஒளியை உறிஞ்சுவது குறையும், ஒளி ஆழமாகவும் போகும். அதனால்தான் 5, 6 வகைத் தோலுக்கு என்டி யாக் பத்திரமானது என்கிறார்கள். அதற்கு விலையும் உண்டு: வலி கூடுதல், மெல்லிய முடியை அவ்வளவாகப் பிடிக்காது. என் மருத்துவரிடம் டயோடு, என்டி யாக் இரண்டும் இருந்தன. இரண்டிலும் டெஸ்ட் செய்தார்.

கண்ணுக்கு இறுக்கமான கறுப்புக் கண்ணாடி. குளிர்ந்த ஜெல். பிறகு ஹேண்ட்பீஸின் ஐஸ் போன்ற முனை தோலில் அழுந்தியது. ஒரு சின்ன பீப் சத்தம், ரப்பர் பேண்டை இழுத்து விட்டதுபோல் ஒரு சுண்டல், உடனே முடி கருகும் வாடை. குறைந்த அளவில் வைத்த வட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்ததில் சுருக்கென்றது. டயோடில் கடைசியாக வைத்ததில் வலி வந்து போகாமல், எரிச்சலாக அங்கேயே நின்றது. அதைச் சொன்னேன். தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார், அதற்கு மேல் ஏற்றவில்லை. என்டி யாக் வட்டங்கள் ஒவ்வொன்றும் ஊசி இறங்கின மாதிரி ஆழமாக வலித்தன, ஆனால் வலி அந்தக் கணத்தோடு போய்விட்டது. வலியின் அளவைவிட அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது முக்கியம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

எல்லாம் முடிந்து ஐந்து நிமிடம் கழித்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். என்னிடமும் கண்ணாடியைக் காட்டினார். வேலை செய்த வட்டங்களில் ஒவ்வொரு முடியையும் சுற்றிக் குட்டிக் குட்டியாகச் சிவந்த மேடு எழும்பியிருந்தது. இறகு பிடுங்கிய வாத்தின் தோல் மாதிரி என்று அவரே சொல்லிச் சிரித்தார். இது எதிர்பார்க்கிற விளைவு, சூடு மயிர்க்காலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். சில மணி நேரத்தில் வற்றிவிடும், சிலருக்கு ஓரிரு நாள் ஆகலாம். பயப்பட வேண்டியது வேறு. முடியைச் சுற்றி மட்டும் இல்லாமல் ஹேண்ட்பீஸின் வடிவம் அப்படியே சதுரமாகவோ வட்டமாகவோ தோலில் பதிந்து சிவந்தால், அல்லது தோல் சாம்பல் நிறமாக, வெள்ளையாக மாறினால், மேல்தோல் வெந்திருக்கிறது என்று பொருள். அங்கேயே நிறுத்திக் குளிர்ந்த ஒத்தடம் கொடுக்க வேண்டும்.

எனக்கு அப்படி எதுவும் இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் சிவப்பு இறங்கியது. மறுநாள் காலையில் பார்த்தால் எந்த வட்டம் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. 24 மணி நேரம் போதும், 48 மணி நேரம் போதும் என்று நிறைய இடங்களில் சொல்கிறார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் எல்லா அளவும் எனக்கு ஒத்துக்கொண்டது, அதிக அளவிலேயே தொடங்கியிருக்கலாம். மருத்துவர் இரண்டு வாரம் என்று சொல்லியிருந்தார். கொப்புளம், சூட்டுக்காயம் எல்லாம் உடனே அல்லது ஓரிரு நாளில் தெரிந்துவிடும், கறுப்பு அப்படி இல்லை, அது மெதுவாக வரும் என்பது அவர் சொன்ன காரணம்.

ஒரு வாரம் தாண்டிய பிறகு ஒருநாள் ஷேவ் செய்யும்போது காதுக்குக் கீழே மங்கலாக ஒரு நிழல் தெரிந்தது. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தேன், போகவில்லை. ஃபோனில் இருந்த ஃபோட்டோவை எடுத்துப் பார்த்தால் டயோடின் கடைசி வட்டம், அந்த எரிச்சல் நின்ற வட்டம். அடுத்த சில நாளில் அது காப்பிப்பொடி நிறத்துக்கு ஏறியது. மற்ற வட்டங்கள் இருந்த இடம் தெரியவில்லை. ஃபோட்டோ மட்டும் இல்லையென்றால் எது எந்த அளவில் வைத்தது என்று எனக்கு நினைவிருந்திருக்காது, அந்தத் திட்டு டெஸ்டால் வந்ததா இல்லையா என்றுகூடச் சந்தேகம் வந்திருக்கும்.

பயமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவர் அதைப் பார்த்துக் கலங்கவில்லை. வீக்கத்துக்கோ சூட்டுக்கோ பிறகு கறுத்த தோலில் இப்படி நிறமி கூடுவது சகஜம், பெரும்பாலும் சில மாதத்தில் மங்கிவிடும் என்றார். சன்ஸ்கிரீன் தினமும், வெயிலில் நின்றால் மறுபடியும் பூசு, அந்த இடத்தைத் தேய்க்காதே, ஸ்க்ரப் போடாதே. ஒரு கிரீம் எழுதிக் கொடுத்தார். நானாகக் கடையில் கிடைக்கும் வெளுப்பு கிரீம் எதையும் வாங்கிப் பூசக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். நிஜமாகவே அது மங்கியது, அவசரப்படாமல் மங்கியது. முழுத் தாடைக்கும் அந்த அளவில் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். விரல்நுனி அளவுக்கு ஒரு திட்டு காதுக்குக் கீழே இருப்பதும், தாடை முழுக்கப் பட்டை பட்டையாக இருப்பதும் ஒன்றா?

எனவே முதல் செஷன் என்டி யாக்கில், டெஸ்டில் அமைதியாக இருந்த அளவிலிருந்து தொடங்கினோம். செஷனுக்குச் செஷன் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினார்.

டெஸ்ட் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை நான் பலரிடம் பார்க்கிறேன். ஒருமுறை பாஸ் ஆகிவிட்டால் லைசென்ஸ் கிடைத்த மாதிரி நினைக்கிறார்கள். அந்த டெஸ்ட் சொன்னது இந்த இயந்திரம், இந்த அளவு, உடம்பில் இந்த இடம், இன்றைக்கு இருக்கிற இந்தத் தோல் ஆகிய நான்கையும் சேர்த்துத்தான். இதில் எது மாறினாலும் கேள்வி மாறிவிடுகிறது. தாடையில் ஒத்துக்கொண்ட அளவு அக்குளுக்கு ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது, அக்குள் பலருக்குக் கறுத்திருக்கும். பிகினி பகுதியும் அப்படித்தான். என் சித்தி மகள் ஒருத்தி கால்களுக்கு லேசர் எடுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் கடலோரம் ஒரு வாரம் விடுமுறை கழித்துவிட்டு, வந்த கையோடு செஷனுக்குப் போனாள். பழைய டெஸ்ட், பழைய அளவு, அதே இயந்திரம், எல்லாம் அதேதான். தோல்தான் அதே இல்லை. முட்டிக்குக் கீழே கொப்புளம் வரிசையாக எழும்பியது. அங்கே இருந்தவர்கள் வெயிலில் போனீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எனக்கும் பாதி வழியில் இயந்திரம் மாறியது. கிளினிக்கில் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார்கள். செஷன் நடத்துகிற டெக்னீசியன் பெண், "அதே என்டி யாக்தான் அக்கா, கம்பெனிதான் வேற" என்றாள். எண் ஒன்றாக இருந்தாலும் குளிர்விக்கிற விதம், ஒளி விழும் வட்டத்தின் அகலம் எல்லாம் மாறும், அதனால் அதே எண் வேறு இயந்திரத்தில் அதே சூட்டைக் கொடுக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொரு டெஸ்ட் பண்ணிவிடலாமே என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, அன்றைய ஸ்லாட் வீணாகிறதே என்ற கவலை அவளுக்கு. உள்ளே போய் மருத்துவரைக் கேட்டாள், அவர் உடனே சரி என்றார். அன்று டெஸ்ட்டோடு வீட்டுக்கு வந்தேன்.

டெஸ்டால் சொல்ல முடியாத விஷயங்களும் இருக்கின்றன. லேசர் எனக்கு வேலை செய்யுமா என்பதை அது சொல்லாது. டெஸ்ட் செய்த வட்டத்தில் இருந்த முடி ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் தானாக மேலே வந்து உதிர்ந்தால் நல்ல அறிகுறி, அவ்வளவுதான். வளரும் பருவத்தில் இருக்கும் முடியைத்தான் லேசர் பிடிக்கும், மற்றவை அப்போது தூங்கிக்கொண்டிருக்கும், அதனால்தான் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல செஷன். நரைத்த முடி, செம்பட்டை முடிக்கு லேசர் பயனில்லை, அப்படிப்பட்ட முடி இருப்பவர்கள் மின்சாரத்தால் மயிர்க்காலை அழிக்கும் எலக்ட்ராலிசிஸ் பற்றிக் கேட்கலாம். இன்னொன்று, சிலருக்கு, முக்கியமாக முகத்திலும் கழுத்திலும், லேசர் பட்ட இடத்தைச் சுற்றி இருக்கும் பூனைமுடி தடித்து வளரத் தொடங்கும். பிசிஓஎஸ் இருப்பவர்கள், கறுத்த தோலுக்காரர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே மனதில் வைக்க வேண்டும். பேட்ச் டெஸ்ட் இதை முன்கூட்டிக் காட்டாது, பல செஷன் போன பிறகுதான் தெரியும். எனக்கு அது வரவில்லை. ஆனால் ஹார்மோனைக் கவனிக்காமல் லேசரை மட்டும் நம்பினால் புது முடி வந்துகொண்டேதான் இருக்கும் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். எஃப்டிஏ-வும் இதை 'நிரந்தர முடிக்குறைப்பு' என்றுதான் சொல்ல அனுமதிக்கிறது, நிரந்தரமாக முடியே வராது என்று அல்ல.

கிளினிக் தேடுகிறவர்கள் என்னிடம் கேட்டால் விலையைப் பற்றிப் பேசும் முன் கேட்கச் சொல்வது இதைத்தான்: இயந்திரத்தின் பெயர் என்ன, அது எந்த அலைநீளம், லேசரா ஐபிஎல்லா? ஐபிஎல் லேசர் இல்லை, பல அலைநீளங்கள் கலந்த ஒளி, கறுத்த தோலில் அதற்கு மேல்தோலைச் சுடும் வாய்ப்பு அதிகம். டெஸ்ட் எந்த இடத்தில் செய்வீர்கள், எத்தனை நாள் காத்திருக்கச் சொல்வீர்கள், பிறகு யார் பார்ப்பார்கள்? டெஸ்டில் வைத்த அளவை எழுதித் தருவீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தயங்குகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை வராது. அது என் தோலைப் பற்றிய குறிப்பு, நாளைக்கு ஊர் மாறினால் அடுத்த மருத்துவரிடம் காட்ட வேண்டியது. "டெஸ்டும் முதல் செஷனும் ஒரே நாளில் முடித்துவிடலாம்" என்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், இரண்டாவது வாரத்தில் வரப்போகிற கறுப்பை இன்றைக்கே எப்படிப் பார்ப்பீர்கள் என்று.

வீட்டிலேயே பயன்படுத்தும் ஐபிஎல் கருவிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவற்றின் கையேட்டிலேயே தோல் நிற அட்டவணை போட்டிருக்கும், எந்த நிறத்துக்கு மேல் கூடாது என்று. பல கருவிகளில் சென்சார் உண்டு, கறுத்த தோலில் வைத்தால் ஒளியே வராது. வரவில்லையே என்று வெளிறிய இடத்தில் வைத்து ஏமாற்றப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அதைச் செய்ய வேண்டாம். ஒத்துக்கொள்ளும் நிறம்தான் என்றாலும் ஒவ்வொரு உடல் பகுதிக்கும் தனியாகக் குறைந்த அளவில் ஒரு இடத்தில் வைத்துப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். மச்சத்தின் மேலும் பச்சை குத்திய இடத்திலும் எந்தக் கருவியும் படக் கூடாது, அங்கே நிறமி குவிந்து கிடக்கிறது. புருவத்துக்குக் கீழே, கண் இமைக்குப் பக்கத்தில் கண்டிப்பாகக் கூடாது.

டெஸ்ட் செய்த இடத்தில் கொப்புளம் வந்துவிட்டால் உடைக்காதீர்கள். குளிர்ந்த ஈரத்துணியை ஒத்தி எடுங்கள், ஐஸ் கட்டியை நேராக வைத்து அழுத்த வேண்டாம். பற்பசை, மஞ்சள், எலுமிச்சை என்று யார் சொன்னாலும் பூசாதீர்கள். அன்றைக்கே ஒரு ஃபோட்டோ, மறுநாள் ஒரு ஃபோட்டோ, அதே வெளிச்சத்தில் எடுத்து மருத்துவருக்கு அனுப்பிவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து காட்டச் சொன்னால் மேக்கப் போடாமல் போங்கள். நான் ஃபவுண்டேஷன் பூசிக்கொண்டு போனபோது, அவர் முதல் வேலையாகப் பஞ்சைக் கொடுத்து அதைத் துடைக்கச் சொன்னார்.